மஞ்சள் கைப்பிடி

இதுல யாரும் இருக்காவளா தம்பி? இல்லன்னா நான் உக்காந்துக்கிடுதேன். கால் ரெண்டும் கடுக்கு. டாலஸ்ல இருந்து பதினாலு மணி நேரம் உக்காந்தே வந்தாச்சு, திருவனந்தபுரம் பிளேனுக்கு இன்னும் மூணு மணி நேரம் கிடக்காம். நீங்களும் திருவனந்தபுரமா? மார்த்தாண்டமா! அட, நம்ம பக்கந்தான. நமக்குப் பாவூர்சத்திரம். பேரு ஆவுடையப்பன்.

இங்க தோகாவுல என்ன சோலி உங்களுக்கு? கேஸ் பிளான்ட்லயா? பைப் ஃபிட்டரா? தம்பி, கடவுளாப் பாத்துதான் உங்கள எம் பக்கத்துல உக்கார வெச்சிருக்கான். ஒரு விவரம் கேக்கணும். ஒரே ஒரு விவரந்தான். பைப்புல ஒழுங்கா வந்துக்கிட்டு இருந்த கேஸு திடீர்னு கொறைஞ்சு போகுதுன்னா, நடுவுல எவனோ கைய வெச்சிருக்கான்னுதான அர்த்தம்?

சும்மா தலைய ஆட்டாதிய. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் அவசரப்பட்டு முடிவு கட்டுத ஆள் கிடையாது. முப்பத்திரெண்டு வருசம் கரண்டு ஆபீஸ்ல இருந்தவன். அதுல கடைசி பதினோரு வருசம் கரண்டுத் திருட்டப் பிடிக்கிற ஸ்குவாடு. கொக்கி போட்டு இழுத்தவன், மீட்டர்ல காந்தத்த ஒட்ட வெச்சவன், எத்தனை பேர். ஒரு வீட்டு வாசல்ல நின்னாலே எனக்குத் தெரிஞ்சிரும், உள்ள இருக்கது களவாணியா யோக்கியனான்னு. யோக்கியன்னு நான் எழுதிட்டு வந்தது ரொம்பக் கம்மி, அது வேற கதை.

எம் மவன் கோமதிநாயகம் டாலஸ்ல இருக்கான். கம்ப்யூட்டர் வேலை. பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு, ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போங்கப்பான்னு கூப்பிட்டான். ஜனவரி ரெண்டாந்தேதி போனேன். ஏப்ரல்ல பேத்திக்கு மொதப் பொறந்தநாள். அவளுக்கு ஒரு தங்கச் சலங்கை வாங்கிட்டுப் போயிருந்தேன், அன்னைக்கு என் கையால போட்டு விடணும்னு. இப்ப மார்ச் முடியல. என்னைப் பொட்டி கட்டி அனுப்பிட்டான் பாத்தியளா. ஆறு மாசம் இருக்கச் சொன்னவன் மூணு மாசத்துல அனுப்பிட்டான். எல்லாத்துக்கும் காரணம் ஒரே ஒரு பொம்பள. சம்பந்தியம்மா.

சொல்லுதேன், மொதல்ல இருந்து சொல்லுதேன்.

மவன் வீட்டுக்குப் பின்னால ஒரு நீச்சல் குளம் இருக்கு. அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்கு, வீட்ட வாங்கும்போதே இருந்ததாம். அந்தக் குளத்துத் தண்ணியச் சூடாக்குததுக்கு ஒரு ஹீட்டரு. நம்ம பீரோவப் படுக்கப் போட்ட அளவுக்கு இருக்கும். கேஸ்ல ஓடுது. எங்க வீட்ல ஒரு குடம் வெந்நி போடுததுக்கே எம் பொண்டாட்டி செண்பகம் அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பாப்பா. இவனுவ குளத்தையே காய்ச்சுதானுவ. வெளங்குமா சொல்லுங்க.

எதுக்குக் காய்ச்சணும்? அதுவும் சம்பந்தியம்மாவுக்காகத்தான். பேரு பங்கஜவல்லி. மன்னார்குடிக்காரி. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவ. மருமவ மங்கையோட பிரசவத்துக்குன்னு போன வருசம் வந்தவ, போகவே இல்ல. மவ கிரீன் கார்டு எடுத்துக் குடுத்திருக்கா. எனக்கு விசிட்டர் விசா. சரி போட்டும். அந்தம்மாவுக்கு டிசம்பர்ல வலது கால் முட்டு ஆபரேசன். உள்ள முட்டியே வேறயா வெச்சிருக்கான். டாக்டர் என்ன சொல்லியிருக்கான்னா, புண்ணு ஆறுனதும் தினம் வெந்நித் தண்ணிக்குள்ள எறங்கி நடக்கணும், கால மடக்கி மடக்கி நீட்டணும், இந்த ரெண்டு மாசத்துல மடக்கலன்னா முட்டு இறுகிப் போயிரும், பெறவு விறைச்ச காலோடதான் காலந்தள்ளணும்னு. வெளியில குளிரு. கைக்குட்டைய நனைச்சு வெச்சா விறைச்சுப் போகுது. அதனால ஹீட்டரு.

போன அன்னைக்கே எனக்கு மனசு கேக்கல. சாப்பிட்டு முடிச்சதும் மவன்கிட்ட, கேஸ மூடியாச்சாடேன்னு கேட்டேன். அவன் சிரிக்கான். இங்க யாரும் மூடுறதில்லப்பா, அது பாட்டுக்கு பைப்புல இருக்கும்ங்கான். எப்படி இருக்கும்? கேஸு நம்ம சொன்னபடியா கேக்கும்?

தம்பி, இது சிரிக்கிற விசயம் இல்ல. எங்க தெருவுல தையல்காரர் வீட்டு மருமவ. கல்யாணமாகி எட்டு மாசம். ராத்திரி சிலிண்டர மூட மறந்துட்டுப் படுத்துட்டா. விடியக்காலம் எந்திச்சு லைட்டுச் சுவிச்சப் போட்டா. அவ்வளவுதான். அந்தப் பிள்ளைய வாழை இலையில கிடத்தித் தூக்கிட்டுப் போனத எங் கண்ணால பாத்தேன். ஒரு பக்கத்தத் தூக்கினதும் நான்தான். அன்னையில இருந்து எங்க வீட்ல சிலிண்டர மூடுறது என் சோலி. ஒம்பதரை மணிக்கு மூடிட்டு, குமிழ ஒரு தரம் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பேன். இருபத்தாறு வருசம் ஆச்சு, ஒரு நாளும் தவறினதில்ல. செண்பகம் கேலி பண்ணுவா. பண்ணிக்கிடட்டும்.

அங்க அடுப்புக்குப் போற பைப்பு எங்க மூடுததுன்னு தெரியல, எல்லாஞ் செவத்துக்குள்ள போகுது. ஆனா நான் படுத்த ரூமுக்குப் பின்கதவு ஒண்ணு. அதத் தொறந்தா செவத்தோரமா ஹீட்டருக்குப் போற பைப்பு. அதுல மஞ்சளா ஒரு கைப்பிடி. சரி, இருக்கதுலயே பெரிய அடுப்பு இதுதான, இதையாவது மூடுவோம்னு மூடினேன். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

மூடினா போதுமா, தொறக்கணும்லா. அதுலயும் குத்தஞ்சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க. காலையில அஞ்சு மணிக்கு எந்திச்சு, வாயக் கூடக் கொப்பளிக்காம மொத வேலையாப் போயித் தொறந்து விட்டுருவேன். தொறக்கதும் எடுத்தேன் கவுத்தேன்னு முழுசாத் தொறக்க மாட்டேன். பாதித் திருப்புதான். வீட்லயும் அப்படித்தான். முழுசாத் தொறந்து விட்டா கேஸு குபுகுபுன்னு வந்து வீணாப் போகும்லா. எல்லாம் அளவா இருக்கணும். எம் மவன் சம்பாத்தியந்தான, எனக்கு அக்கறை இருக்காதா?

யாருகிட்டயும் சொல்லிக்கிடல. சொன்னா சிரிப்பானுவ. நல்லது செய்யுதவன் தம்பட்டம் அடிச்சுக்கிட்டா செய்வான்?

என்ன தம்பி, எதையோ சொல்ல வாரிய. இருங்க, நான் இன்னும் விசயத்துக்கே வரல.

நான் போயி ரெண்டு நாளுதான் இருக்கும். அந்த ஹீட்டரு மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. பத்தும். உள்ள படபடபடன்னு அடிச்சுக்கிடும். அணைஞ்சிரும். மறுபடி பத்தும், மறுபடி அணையும். நாலு தரம் இப்படிப் பண்ணிட்டு செவப்பு லைட்டப் போட்டுக்கிட்டு உக்காந்துக்கிடும். தண்ணி பச்சத்தண்ணி. சம்பந்தியம்மா மங்கை தோளப் பிடிச்சுக்கிட்டு ஒரு படி எறங்குவா, கால உள்ள வைப்பா, அம்மாடின்னு வெளிய எடுத்துருவா. என்ன நடிப்புன்னு நெனச்சேன். ஹெட்மிஸ்ட்ரஸ்லா, ஆண்டு விழாவுக்கு எத்தனை நாடகம் போட்டிருப்பா.

நான் வாரதுக்கு முன்னால அது நல்லா ஓடிச்சாம். ஒரு நாள் கூட நின்னதில்லயாம். மவனும் சொன்னான், மருமவளும் சொன்னா. அப்பப் பாருங்க, நான் வந்த நேரமாப் பாத்து எவனோ வேலையக் காட்டுதான். எனக்குப் பொறி தட்டிச்சு.

மெக்கானிக்கக் கூப்பிட்டாவ. ராமிரெஸ்னு ஒரு ஆளு, மெக்சிகோக்காரன், நல்ல மீசை. தங்கமான மனுசன். ஹீட்டருக்கு வாரப்ப கேஸோட பிரசர் கொறையுது போல, அதான் தீ நிக்க மாட்டேங்குன்னு போன்லயே சொல்லிட்டான். வந்து ஒரு அளவு பாக்கிற கருவிய மாட்டிப் பாத்தான். பாத்தா பிரசர் கரெக்டா இருக்கு! ஹீட்டரு ஜம்முனு ஓடுது. அவன் காப்பி குடிச்சிட்டுப் போயிட்டான். மறுநாள் பாத்தா பழைய குருடி கதவத் தெறடி. மறுபடி படபட, மறுபடி செவப்பு லைட்டு. ரெண்டாந்தரம் வந்தான், அப்பவும் கரெக்டு. மூணாந்தரமும் அதே கதை.

இங்கதான் என் சர்வீஸ் பேசுது தம்பி. ஆபீசர் வரும்போது எல்லாம் ஒழுங்கா இருக்கு, ஆபீசர் தலை மறைஞ்சதும் கெட்டுப் போகுது. இது எந்த ஊரு வழக்கம்? கொக்கி போடுறவன் வழக்கம்! ஜீப்புச் சத்தம் கேட்டதும் கொக்கிய எடுத்து வைக்கோப்போருல சொருகிருவான். நாம வந்து பாத்தா கம்பி சுத்தமா இருக்கும், அய்யா மோரு சாப்பிடுங்கம்பான். நான் எத்தனை மோரு குடிச்சிருப்பேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், களவாணி வீட்டுக்குள்ளதான் இருக்கான்னு.

மெக்கானிக்கு வாரான்னா நானே என் பங்குக்கு எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வைப்பேன். செருப்ப ஓரமா வைப்பேன், ஹீட்டரச் சுத்தி எலைதழை கூட்டுவேன். அந்தக் கைப்பிடி கோணலா இருக்கும்லா, அதையும் நேரா நிமித்தி வைப்பேன். வெளியாளு வாரப்ப வீடு லட்சணமா இருக்கணும்.

அவசரப்பட்டு வீட்டுக்குள்ள பழி போடக் கூடாதுன்னு மொதல்ல பக்கத்து வீட்டப் பாத்தேன். அவன் கேஸ்ல கறி சுடுற அடுப்பு வெச்சிருக்கான், நம்ம வேலியோரமாவே. நம்ம பைப்புல இருந்து இழுக்கானோன்னு ஒரு பக்கெட்டக் கவுத்துப் போட்டு ஏறி எட்டிப் பாத்தேன். அவம் பொண்டாட்டி என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கையாட்டுதா. முன்னப்பின்னத் தெரியாத ஆளு வேலி மேல தலைய நீட்டினா எவளாவது சிரிப்பாளா? அங்கயும் எனக்குச் சந்தேகந்தான். ஆனா பைப்பு ஒண்ணும் வரல. மவன் அன்னைக்கு என்னை ஏசினான் பாருங்க, அப்பா இங்க இப்படிப் பாத்தா போலீஸக் கூப்பிடுவாங்கன்னு. கூப்பிடட்டுமே, நானே விவரம் சொல்லுவேன்.

ராமிரெஸ் யோசிச்சான். வீட்ல அடுப்பு, துணி காய வைக்கிற மிசினு, எல்லாம் ஒரே நேரத்துல எரியும்போது இருக்க கேஸப் பங்கு போட்டுக்கிடுதோன்னான். உடனே ஒரு சட்டம்: பகல்ல ஹீட்டர் ஓடும்போது அடுப்பு பத்த வைக்கக் கூடாது. தம்பி, பத்து நாளு நான் மத்தியானம் ரொட்டியில ஜாமத் தடவித் தின்னேன். சம்பந்தியம்மாவும் அதையேதான் தின்னா, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. அதுவே எனக்குச் சந்தேகம். மடியில கனம் இல்லாதவ ஒரு நாளாவது மொணங்குவாளா இல்லயா?

அதுக்கும் மசியல. கடைசியா அவன் சொன்னான், பைப்பே பத்தல, புல்லுத்தரையத் தோண்டி வேற பெரிய பைப்பு போடணும்னு. மவன் சரின்னுட்டான். அந்த நேரத்துலதான் எங் கண்ணுல ஒண்ணு பட்டுது.

காலையில அஞ்சு மணிக்கு நான் பாதித் திருப்பி சாய்வா வெச்ச கைப்பிடி, எட்டு மணிக்குப் போயிப் பாத்தா நேரா நிக்கி.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. எவனோ தொட்டிருக்கான்! மறுபடி சாய்ச்சு வெச்சேன். மறுநாளும் அதே மாதிரி நேரா நிக்கி. குனிஞ்சு கீழ பாத்தேன். ராத்திரி பனி பேஞ்ச புல்லு, ஈரம். பின்வாசல்ல இருந்து பைப்பு வரைக்கும் நாலு நாலா குழி. நாலு காலு. வீட்ல நாலு காலுல நடக்கது யாரு? பிடிச்சுக்கிட்டு நடக்க நாலு கால் வெச்ச ஸ்டாண்டு ஒண்ணு குடுத்திருந்தாவ அந்தம்மாவுக்கு. பிடிச்சேன் பாத்தியளா கையும் களவுமா!

ஏன் செய்யுதான்னு யோசிச்சேன். ரெண்டு காரணம். ஒண்ணு, அவளுக்குத் தண்ணியில எறங்கப் பயம், மிசினு கெட்டாத் தப்பிச்சுக்கிடலாம். ரெண்டு, நான் அங்க இருக்கது பிடிக்கல. பேத்தி எங்கிட்ட ஒட்டிக்கிட்டா, அது பொறுக்கல. ஆனா ஒரு விசயம் உதைச்சுது. அவ கைய வெச்ச ரெண்டு நாளும் ஹீட்டரு ஒரு மணி, ரெண்டு மணி நேரம் நல்லா ஓடிச்சு. நான் போயிச் சரி பண்ண பெறவுதான் நின்னுது. அதையும் யோசிச்சுப் பாத்தேன். களவாணின்னா நடுநடுவுல நல்லவன் வேசம் போடத்தான செய்வான்.

மவன்கிட்டப் பேரச் சொல்லல. சொன்னா மருமவ மொகத்த எப்படிப் பாக்க? கேமரா ஒண்ணு வையிடே, அந்தப் பைப்பப் பாத்தாப்புலன்னு மட்டும் சொன்னேன். எதுக்குப்பான்னான். வையி, உண்மை தெரியும்னேன். ரெண்டு நாளு விடாம நச்சரிச்சு வைக்க வெச்சதே நாந்தான். அது வந்ததும் எனக்கு ஒரு தெம்பு. நாம தொறக்கதும் மூடுறதும் அதுல விழத்தான் செய்யும், அதுக்கென்ன, நாம வீட்டு ஆளு.

அந்த வாரந்தான் சம்பந்தியம்மாவ டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போனாவ. முட்டு இறுகிட்டுதாம். பாதிக்கு மேல மடங்கல. தண்ணி வைத்தியம் பண்ணலையான்னு டாக்டர் கேட்டிருக்கான், இவிய என்ன சொல்லுவாவ. மயக்க ஊசி போட்டு, காலப் பிடிச்சு டாக்டரே மடக்கி விட்டிருக்கான். வீட்டுக்கு வந்த பெறவு மங்கை தினம் நாலு வேளை அத மடக்கி நீட்டணும். இல்லன்னா மறுபடி இறுகிரும்.

மொத நாளு சாயங்காலம். பேத்திய மடியில வெச்சுக்கிட்டு நான் ஹால்ல இருக்கேன். உள்ள இருந்து ஒரு சத்தம். அலறல்னு சொல்ல முடியாது. வாயில துணிய வெச்சு அமுக்கிக்கிட்ட சத்தம். நான் இருக்கேன்னு அமுக்கியிருக்கா. பிள்ளை மெரண்டு என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. தம்பி, ஒளிக்காமச் சொல்லுதேன், அது நடிப்பு இல்ல. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

அதுக்குப் பெறவு ரூமுக்குள்ள மங்கை என்னமோ கோவமாக் கேக்கா, இந்தம்மா பைய பதில் சொல்லுதா. காது குடுத்துக் கேட்டேன். "அவரு மாப்பிள்ளையோட அப்பா. பொண்ணக் குடுத்தவ நான். ஒரு வார்த்தை என் வாயால வரக் கூடாதும்மா." இவ்வளவுதான் காதுல விழுந்துது. என்னத்தச் சொல்லக் கூடாது? எம் மேல என்னத்த மவ காதுல ஓதியிருக்கா? அங்கதான் சூது இருக்குன்னு கணக்குப் போட்டேன். எறங்காத சோறு மறுநாள் எறங்கிட்டு.

நாலு நாளு கழிச்சு மவன் அந்தக் கேமராப் படத்த ஆபீஸ் ரூம்ல வெச்சுப் பாத்தான். கதவச் சாத்திக்கிட்டுப் பாத்தான். வெளிய வந்தான், மொகம் ஒரு மாதிரி இருந்துது. என்னடே, யாருன்னு தெரிஞ்சுதான்னேன். ஒண்ணும் இல்லப்பான்னான். எனக்குக் காட்டுன்னேன். அழிச்சிட்டேன்ப்பான்னான். அழிச்சிட்டானாம்! சாட்சியத்த அழிக்கதுன்னா என்ன அர்த்தம், மாமியாரக் காப்பாத்துதான்னுதான? பைப்புக்குத் தோண்டுத வேலையையும் வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிட்டான். மறுநாள் எனக்கு டிக்கெட்டு. அம்மா அங்க தனியா இருக்காங்கப்பா, நீங்க போங்கன்னான். செண்பகம் தனியா இருக்காளா? அவ போன்ல, நீங்க இல்லாம வீடே அமைதியா இருக்குன்னு சந்தோசமாச் சொன்னவ. பொறந்தநாள் வரைக்கும் இருக்கேன்டான்னு கேட்டுப் பாத்தேன். எங்க அப்பன்கிட்டக் கூட நான் அப்படிக் கெஞ்சினதில்ல. அவன் தரையப் பாத்துக்கிட்டே, அடுத்த வருசம் பாப்போம்ப்பான்னுட்டான். சலங்கைய மங்கை கையில குடுத்துட்டு வந்துட்டேன்.

கிளம்பும்போது அந்தம்மா ஸ்டாண்டப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா. மூணு மாசமா சம்பந்தி, சம்பந்தின்னு கூப்பிட்டவ, அன்னைக்கு அண்ணான்னா. "அண்ணா, மங்கை மாமனார் வீட்டுப் பெருமையெல்லாம் சொல்லுவா. அந்தத் தையல்காரர் வீட்டுப் பொண்ணு கதையும் சொன்னா. ஊருக்குப் போயி சிலிண்டரை மூடிட்டு நிம்மதியாத் தூங்குங்க. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை"ன்னா. எப்படி நெஞ்சழுத்தம் பாருங்க. செய்யுததையும் செஞ்சுட்டு, மனசுல வெச்சுக்கிடலையாம்! நான்லா வெச்சுக்கிடணும்?

இப்பச் சொல்லுங்க. ஃபிட்டரா நீங்க சொல்லுங்க. குத்தவாளி யாரு?

என்னது? கைப்பிடி எப்படி இருக்கும்னா? இதா, இந்த போர்டிங் பாஸப் பைப்புன்னு வெச்சுக்கிடுங்க, இந்தப் பேனாதான் கைப்பிடி. ராத்திரி இப்படிக் குறுக்க வைப்பேன். காலையில இப்படி. ஆமா, இந்தச் சாய்வுதான். பாதி.

மெக்கானிக்கு வாரப்பவா? அப்ப இப்படி, பைப்போட நேரா. சொன்னேன்லா.

அந்தம்மா தொட்ட அன்னைக்கா? அதுவும்... நேராத்தான்.

இல்ல தம்பி, கொஞ்சம் பைய சொல்லுங்க. நேரா இருந்தாத்தான் முழு வழியும் தொறந்திருக்குமா. சாஞ்சா உள்ள வழி அடைபடுமா. வீட்டு அடுப்புக்குத் தாங்கும், அந்தாம்பெரிய ஹீட்டருக்குத் தாங்காதா. பிரசர் கொறையும், பத்தும், அணையுமா.

சரி.

இருங்க. அந்தப் பேனாவ இன்னொரு தரம் சாய்ச்சு வெச்சுப் பாக்கேன்.

அப்ப ராமிரெஸ் வாரதுக்கு முன்னால ஒவ்வொரு தரமும் கொக்கிய எடுத்து ஒளிச்சு வெச்சது நாந்தானா? மோரு குடுத்ததும் நாந்தானா? சவம், பதினோரு வருசம் ஸ்குவாடுல இருந்து என்னத்தப் பிடிச்சேன்?

அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. சன்னல் வழியாப் பாத்திருக்கும். வாயத் தொறந்து, சம்பந்தி கைப்பிடிய நேரா வைங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்லல. பொண்ணக் குடுத்தவ மாப்பிள்ளையோட அப்பனக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு, மடங்காத கால இழுத்துக்கிட்டு அந்தப் பனியில நடந்து போயி அதுவே நிமித்தி வெச்சிருக்கு. நான் பின்னாலயே போயிச் சாய்ச்சு வெச்சிருக்கேன். எம் மவன் அதைப் படமாப் பாத்திருக்கான். அவன் அழிச்சது மாமியாருக்காக இல்ல தம்பி. எனக்காக அழிச்சிருக்கான்.

அந்தச் சத்தம் இப்பவும் காதுல கேக்கு. என்னாலதான வந்துது அது. எங் கையாலதான?

தம்பி, ஒரு உபகாரம். எம் போனுல வாட்ஸப்ல அந்தம்மா நம்பர் இருக்கு, பங்கஜம் சம்பந்தின்னு. நீங்களே எழுதுங்க. அங்க இப்ப காலையில பதினோரு மணி இருக்கும், முழிச்சுத்தான் இருப்பாவ. எழுதுங்க: "கைப்பிடிய சாய்ச்சு வெச்சது நான்தான், எனக்கு இப்பத்தான்..." வேண்டாம். அழிச்சிருங்க. அவியளுக்குத் தெரிஞ்சதையே திரும்பவும் சொல்லி என்னத்துக்கு. "மன்னிச்சுக்கிடுங்க"ன்னு போடவா? எழுத்துல பாத்தா அந்தம்மா சங்கடப்படும். "முட்டு எப்படி இருக்கு"ன்னு மட்டும் போடுங்க. அதுக்கு முன்னால தங்கச்சின்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடுங்க. ஆமா. தங்கச்சி, முட்டு எப்படி இருக்கு. அனுப்பிருங்க.

பாத்துட்டாவளா? எழுதுதாவளா?

வந்துட்டா? கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்கு, நீங்களே படிங்க.

"தண்ணி நல்லா சூடா இருக்கு அண்ணா. இன்னைக்குப் பத்து சுத்து நடந்தேன்."

இன்னொரு தரம் படிங்க தம்பி.